பொறியியல் என்னும் சொல்லும் திருகோணமலை மாவட்டமும்

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்திலிருந்து கந்தளாய்க்குச் செல்லும் சாலையில் அரசாங்க அலுவலகங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு போகிறவர், 'பொறியியலாளர்' என்னும் சொல்லைப் பலமுறை காண்பார். நீர்ப்பாசனம், வீதி, மின்சாரம் என அடைமொழி மட்டும் மாறும். மனுவொன்றை எழுதிக்கொண்டு அவ்வலுவலகத்துக்குச் செல்லும் கமக்காரனோ அவரை 'இஞ்சினியர் ஐயா' என்றே அழைக்கிறான். கடல் கடந்து தமிழ்நாட்டிற் கால் வைத்தால் அதே உத்தியோகத்தர் 'பொறியாளர்' ஆகிவிடுகிறார். நம்மில் மூத்தோர் சிலர் 'எந்திரி' என்று எழுதினர்; அச்சொல்லைத் தம் பெயருக்கு முன்னாற் பட்டமாக இட்டுக்கொள்வோர் இன்றும் உளர். சிங்களத்திலோ 'இஞ்ஜினேரு' என ஐரோப்பிய ஓசையைத் தாங்கியே சொல் வழங்குகிறது.

ஒரு தொழிலுக்கு இத்தனை பெயர் ஏன் என்று ஆராய்வது வெறும் அகராதி வேலையாகத் தோன்றலாம். ஆயின், ஒரு சொல் எந்த உழைப்புக்கு மதிப்பளிக்கிறது, எவரை அம்மதிப்புக்குப் புறத்தே நிறுத்துகிறது என்னும் கேள்வி அவ்வேலைக்குள் அடங்கிக் கிடக்கிறது. கோட்டையும் துறைமுகமும் பெருங்குளமும் ஒருங்கே அமைந்த நம் மாவட்டத்தில் அக்கேள்விக்கு வேண்டிய சான்றுகளைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

முதலில் ஐரோப்பியச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'இங்கேனியம்' என்னும் இலத்தீன் சொல் ஒருவனிடம் இயல்பாகவே அமைந்த அறிவுத்திறனைக் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் அத்திறனாற் செய்யப்பட்ட கருவிக்கும் அதன் வழிவந்த சொல்லே பெயராயிற்று. அக்கருவிகளுள் முதன்மையானவை மதிலை இடிப்பனவும் கல்லை எறிவனவுமாகிய போர்க்கருவிகள். அவற்றை ஆக்கியவனும் இயக்கியவனுமே முதல் எஞ்சினியர். முற்கால ஆங்கிலத்தில் 'எஞ்சின்' என்பதற்குத் தந்திரம், வஞ்சனை, கண்ணி என்னும் பொருள்களும் இருந்தன. விலங்கைப் பிடிக்கும் கண்ணிக்கு வழங்கிய 'ஜின்' அதன் குறுக்கமே. போருடன் தொடர்பற்ற பாலத்தையும் கால்வாயையும் கலங்கரை விளக்கத்தையும் கட்டுவோருக்குத் தனிப்பெயர் வேண்டும் என்னும் நிலை பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் தோன்றியது. எடிஸ்டன் பாறையில் 1759இல் கலங்கரை விளக்கத்தைக் கட்டிமுடித்த ஜோன் ஸ்மீற்றன், தாம் படையைச் சார்ந்தவரல்லர் என்பதைக் காட்டத் தம்மைச் 'சிவில் எஞ்சினியர்' என அழைத்துக்கொண்டார். 1818இல் அத்தொழிலினருக்கு இலண்டனில் ஒரு நிறுவனம் அமைந்தது. பத்தாண்டின் பின் அதற்கு அரச பட்டயம் வழங்கப்பட்டபோது, இயற்கையின் பேராற்றல்களை மனிதரின் பயனுக்கும் வசதிக்கும் ஏற்ப நெறிப்படுத்தும் கலை என்று தொழிலுக்கு விளக்கம் கூறினர். எந்த மனிதரின் பயனுக்கு என்பதைப் பட்டயம் சொல்லவில்லை.

நம் மொழியிற் 'பொறி' என்னும் சொல் நடந்து வந்த வழி இதனோடு வியக்கத்தக்க ஒப்புமை உடையது. புள்ளி, அடையாளம், முத்திரை என்பன அதன் பழம்பொருள்கள். மன்னர் தம் இலச்சினையைப் பொறித்தனர். வெளியுலகை உள்ளத்திற் பதிப்பன ஆதலாற்போலும், கண் செவி முதலிய ஐந்தும் பொறிகள் எனப்பட்டன. திருக்குறளில் ஐம்பொறியையும் காண்கிறோம். ஊழ் என்று உரைகாரர் கொண்ட பொறியையும் காண்கிறோம். தீயிலிருந்து தெறிப்பது பொறி. எலியைப் பிடிப்பதும் பொறி. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிலின்மேல் அமைந்த காவற்பொறிகளைப் பெரும் பட்டியலாகத் தருகிறது. தானே வளைந்து எய்யும் வில்லும், குரங்கின் வடிவில் இருந்து பகைவனைக் கடிக்கும் கருவியும், கல்லுமிழும் கவணும் அவற்றுட் சில. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் கருவுற்ற தேவியைத் தப்பவிப்பதற்குச் செய்வித்த வானூர்தி ஒரு மயிற்பொறி. கண்ணி, போர்க்கருவி, நுண்கருவி என ஆங்கிலச் சொல் நடந்த அதே தடத்தில் தமிழ்ச் சொல்லும் நடந்திருக்கிறது. 'சூழ்ச்சி' என்னும் சொல்லையும் இங்கு நினைக்கலாம். வள்ளுவருக்கு அது ஆராய்ந்து எண்ணுதல், நமக்கோ வஞ்சகம். நுண்ணறிவைக் குறிக்கும் சொற்களை மக்கள் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. அந்நுண்ணறிவு பெரும்பாலும் மதிலின்மேல் நின்றே அவர்களை நோக்கியிருக்கிறது.

'எந்திரம்' வடமொழி வழியாக வந்தது. எனினும் மிகப் பழங்காலத்திலேயே வந்துவிட்டது. புறநானூறு காட்டும் எந்திரம் கரும்பாலை. ஊர்ப்புறத்தில் இன்றும் எந்திரம் என்றாற் செப்புத் தகட்டிற் கீறி வீட்டு நிலையில் அடித்துவைக்கும் மந்திரச் சக்கரத்தை நினைப்போர் உண்டு. 'எந்திரி' என்னும் பட்டத்துக்கு வேறோர் இடையூறு. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் அது 'எழுந்திரு' என்னும் ஏவல். நம் நாட்டுப் பெரியவர் ஒருவரைச் சென்னை மேடையில் அப்பட்டத்தோடு அறிமுகம் செய்தாற் சபையோர் எழுந்து நிற்கவும் கூடும்.

பொறியும் எந்திரமும் கருவியின் பெயர்கள். கருவியைச் செய்தவனுக்கும் கட்டடத்தைக் கட்டியவனுக்கும் தமிழ் என்ன பெயர் கொடுத்தது? நெடுநல்வாடையில் அரண்மனைக்கு இடம் வகுப்போர், இரு கோல்களை நாட்டி நண்பகல் நிழலைக் கொண்டு திசை கண்டு, நுட்பமாகக் கயிறு பிடித்து அளக்கின்றனர். நக்கீரர் அவர்களுக்கு இடும் பெயர் புலவர்! பாட்டெழுதுவோருக்கே உரியதென்று பின்னாளில் நாம் ஒதுக்கிவிட்ட சொல், அன்று கட்டடக் கலைஞனுக்கும் உரியதாயிருந்தது. 'நூல்' என்னும் சொல் கல்வி நூலையும் அளக்கும் நூலையும் ஒருங்கே குறிப்பதும் இத்தொடர்பில் நோக்கத்தக்கது. மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் தமிழ் வினைஞரோடு கூடி மண்டபம் சமைத்ததை மணிமேகலை பேசுகிறது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு, அதனை எழுப்பிய வீரசோழன் குஞ்சரமல்லனை இராசராசப் பெருந்தச்சன் எனப் பெயரோடு குறிக்கிறது. அரசனின் பட்டப்பெயரைத் தச்சன் பெறுதல் அக்காலத்துக்குப் பெரிய சிறப்பு. ஆனால் கல்லை இழுத்தவர், சாரம் கட்டியவர் பெயர்கள் அங்கும் இல்லை.

காலப்போக்கில் இச்சொற்கள் யாவும் படியிறங்கின. உலோகத்திலும் மணியிலும் வேலை செய்த கைவல்லோர் பழந்தமிழிற் கம்மியர் எனப்பட்டனர். தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்று 'மெக்கானிக்' பயிற்சி பெறுபவன் கம்மியன். கல்லூரியிற் பட்டம் பெற்றவன் பொறியாளன். போர்த்துக்கேய மொழியில் ஆசான் என்று பொருள்படும் 'மெஸ்த்ரெ' நம்மிடம் வந்து மேஸ்திரி ஆகி, எஞ்சினியருக்கும் கூலியாளுக்கும் இடையிலே போய் நின்றது. நம் கரையில் வள்ளம் கட்டும் ஓடாவி, தாளில் ஒரு கோடும் வரையாமல், மரத்தைப் பார்த்தே ஏராவின் வளைவைத் தீர்மானிக்கிறான். அவனை எந்தச் சொற்றொகுதியும் பொறியியலாளன் என்று சொல்லத் துணியவில்லை.

1956க்குப் பின் நம் நாட்டில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கும் விஞ்ஞானம் கிட்டவேண்டும் என்னும் நோக்குடன் நடைபெற்ற அப்பணி பாராட்டுக்குரியது. தமிழ்நாட்டார் பொறியோடு 'ஆளர்' விகுதியைச் சேர்த்துப் பொறியாளர் என்றனர். நாம் பொறியியல் என்னும் துறைப்பெயரை முன்வைத்துப் பொறியியலாளர் என்றோம். முன்னது கருவியை ஆள்பவன் என்றும், பின்னது கல்வித்துறையை ஆள்பவன் என்றும் பொருள்படும். எளிமை கருதினால் முன்னதே நன்று. ஆயினும், 'சிவில்' என்பதற்குக் 'குடிசார்' என்று ஆக்கிய சொல்லுக்காக அச்சொல்லாக்கக்காரரை எவ்வளவு பாராட்டினும் தகும். ஸ்மீற்றன் தம்மைப் படையிலிருந்து பிரித்துக் காட்டினாரேயன்றி, தாம் யாரைச் சார்ந்தவர் என்று கூறவில்லை. 'குடிசார் பொறியியல்' என்னும் தமிழ்த்தொடரோ அதனைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது: குடிமக்களைச் சார்ந்த பொறியியல்.

இவ்வுரைகல்லில் நம் துறைமுகத்தை உரைத்துப் பார்ப்போம். பதினேழாம் நூற்றாண்டின் இருபதுகளிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். கோட்டை வாயிலிற் பதிந்துள்ள கல்லொன்றில், குளக்கோட்டன் செய்த திருப்பணியையும் பறங்கியர் அதனைக் குலைப்பதையும் கூறும் சிதைந்த தமிழ் வரிகள் இன்றும் காணப்படுகின்றன. 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1782இற் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் சிறிது காலம் பிடித்துவைத்தான். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். ஒவ்வொரு படையோடும் அதன் எஞ்சினியர் வந்தனர். கொத்தளங்களைத் திருத்தினர், பீரங்கிமேடைகளை அமைத்தனர், துறைமுகத்தின் ஆழங்களை அளந்தனர். இம்மண்ணில் ஒலித்த முதல் எஞ்சினியர் மதிலின் எஞ்சினியரே.

இருபதாம் நூற்றாண்டிலும் நிலை மாறவில்லை. 1920களிலும் 1930களிலும் சீனக்குடாக் காட்டிற் பிரித்தானியக் கடற்படைக்காக எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. எண்ணிக்கை நூறை எட்டியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள் 'வேலியன்ற்' என்னும் போர்க்கப்பலைச் சுமந்த மிதக்கும் செப்பனிடு துறை துறைமுகத்திலேயே முறிந்து மூழ்கியது. மிதவைத் தொட்டிகளில் நீரை ஏற்றியிறக்குவதிற் சமநிலை தவறியமையே காரணமாகக் கூறப்படுகிறது. பேரரசின் பொறியியலும் தவறக்கூடியதே என்பதற்கு அதனினும் பெரிய சான்று இக்கரையில் இல்லை. 1957 ஒக்டோபரிற் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அதனோடு 'டொக்யாட்'டிற் பிற்றர், ரேணர், வெல்டர் என்று தலைமுறையாகக் கைவேலை பழகிய தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அவர்கள் கற்றிருந்த வித்தைக்கு உள்ளூரில் வயிறு வளர்க்கும் வழி இல்லை. அது இவ்வூர்க் குடிகளுக்காக அமைந்த வித்தையன்று. எஞ்சியுள்ள 99 தாங்கிகளை இந்திய நிறுவனத்துக்கும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் பங்கிட்ட உடன்படிக்கை 2022 ஜனவரியிற் கைச்சாத்தானது. பங்கீட்டுக் கணக்கு 14, 24, 61. சீனக்குடாவைச் சூழ வாழ்வோர் அக்கணக்கில் எந்தத் தொகையினுள்ளும் அடங்கவில்லை.

குடிசார் என்னும் சொல்லுக்கு உரிய பொறியியலைக் காணவேண்டுமாயின் துறைமுகத்துக்கு முதுகு காட்டிக் கந்தளாய்க்குப் போகவேண்டும். அக்குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது தமிழ் மரபு. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் அவன் குடியேற்றிய மக்களுக்குப் பங்கிட்ட கோயிற் கடமைகளை விரித்துரைக்கிறது. சூளவம்சமோ ஏழாம் நூற்றாண்டினனாகிய இரண்டாம் அக்கபோதிக்கு அதனை உரிமையாக்குகிறது. எந்த அரசன் என்று இரு மொழியினரும் வாதிட்டு மாள்வதிற் பயன் இல்லை. மண் சுமந்தவர் எந்த அரசனுமல்லர். 'குளக்கோட்டன்' என்னும் பெயரைப் பிரித்துப் பார்ப்பதே பயன் தரும். குளமும் கோட்டமும் அமைத்தவன் என்பது அதன் பொருள். தாய் தந்தையர் இட்ட பெயராக அது தோன்றவில்லை; செய்த வேலையால் வந்த பெயர். நாம் இத்தனை காலம் தேடிய சொல்லுக்கு, அதாவது எஞ்சினியருக்கு, இவ்வூர் மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட தமிழ் இது எனலாம். பொறியையும் எந்திரத்தையும் அவர்கள் நாடவில்லை. குளத்தை நாடினர்.

குளத்தைச் சுற்றி வளர்ந்த சொற்களோ பல. தண்ணீரைத் திறந்துவிடும் வாயிலுக்கு வன்னியிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் துருசு என்பர். மிகைநீர் வழியும் இடம் வான். குளம் நிறைந்தால் 'வான் பாய்கிறது'. அலை வந்து மோதும் கரை அலைகரை. தமிழ்நாட்டில் இதே உறுப்புகளுக்கு மதகு, கலிங்கு என்னும் பெயர்கள் வழங்கும். நமக்கு மதகு என்றால் வீதியின் கீழ் அமைந்த நீர்வழி. பழைய கல்வெட்டுகளிற் குமிழித் தூம்பு என்று ஒன்று வருகிறது. சிங்களத்தார் 'பிசோகொட்டுவ' என வழங்கும் கிணறு போன்ற அமைப்பும் அதே நோக்கினது. ஆழ்குளத்தின் நீரழுத்தத்தை அடக்கி, வேண்டிய அளவே வெளிவிடுவதற்கு அமைந்த நுட்பம் அது. நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட 'பண்டைய இலங்கை' என்னும் நூலில், இவ்வமைப்பைக் கண்டுபிடித்த பெருமை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்நாட்டவருக்கே உரியதென எழுதினார். தமிழ்நாட்டில் ஆர்தர் கொட்டன், ஆழங்காணா மணலில் அத்திவாரம் இடும் முறையைக் கல்லணையைக் கட்டியோரிடமிருந்தே தம்மவர் கற்றதாக ஒப்புக்கொண்டார். நமது 'அணைக்கட்டு' அக்காலத்திலேயே 'அனிக்கட்' என்று ஆங்கிலப் பொறியியலின் அகராதியில் ஏறிவிட்டது. சொல்லைக் கொடுத்த நாமே பின்னர் அவர்களிடம் சொல் கேட்டு நின்றோம்.

குளங்களின் பெருமை பாடுவதோடு நிறுத்துவது பிழையாகும். அவை இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் பேணப்பட்டவை. 1832இல் அவ்வூழியம் ஒழிந்தது நன்றே. ஆயின், ஊர் கூடிக் கட்டைத் திருத்தும் கட்டுப்பாடும் அதனோடு தளர்ந்து, குளங்கள் காடு பற்றின. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டம், பழைய ஊர்வழக்கங்களுக்குச் சட்டவலு அளிக்க முயன்றது. வட்ட விதானையின் அதிகாரம் இவ்வழி உறுதிப்பட்டது. தண்ணீர்ப் பங்கீட்டை அவன் கண்ணளவாலும் நாளளவாலும் நடத்தினான். மேல்மடைக்காரனுக்குச் சாதகமாக நடத்தியவரும் அவருள் இருந்தனர். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியபின் அறிவு அலுவலகத்துக்கும் உழைப்பு வயலுக்குமாகப் பிரிந்தது. கட்டில் நடப்பவன் கண்ட கசிவு கடிதமாகிப் பல மேசைகளைக் கடக்கவேண்டியதாயிற்று. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் பின்னிரவிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்து, நூற்றுக்கு மேற்பட்டோரை வெள்ளம் கொண்டுபோயிற்று. அவருட் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தனர்.

சொற்கள் வேலையோடு பிறந்து வேலையோடு மறைவதற்கு மற்றோர் உதாரணம் கிண்ணியா. அங்கே களப்பைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் சென்ற மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். வழி இல்லாத இடத்தில் வழியாக மிதப்பதைப் பாதை என்றழைத்தது எத்துணைப் பொருத்தம்! 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. நாட்டின் மிக நீண்ட பாலம் என அது கொண்டாடப்பட்டது. குடிசார் என்னும் அடைமொழிக்கு முற்றிலும் தகுதியான கட்டு அது. இன்று அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாதை என்றால் வீதி மட்டுமே.

2013இல் உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபின் 'பொறியியற் தொழினுட்பவியல்' நம் பாடசாலைகளில் தமிழிற் கற்பிக்கப்படுகிறது. கமக்காரன் மகனும் கடற்றொழிலாளி மகளும் அப்பாடத்தைத் தம் மொழியிற் படிக்கின்றனர். ஆனால் பேராதனையிலும் மொறட்டுவையிலும், 2014இற் கிளிநொச்சியில் எழுந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் போதனாமொழி ஆங்கிலமே. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2010இற் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. படித்தவருக்கு வேலை கிடைக்குமா என்னும் அச்சமே அம்முயற்சிக்குப் பெருந்தடையாய் நின்றது. அவ்வச்சத்தை மாணவரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வேலை கொடுப்போன் எம்மொழியிற் பேசுகிறான் என்பதை ஏழைதான் முதலில் அறிந்துகொள்கிறான்.

தொழினுட்பப் பிரிவில் மூன்று மணி நேர வினாத்தாளுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த கந்தளாய்ப் பக்கத்து மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வந்தாள். குளமொன்றின் குறுக்குவெட்டு முகத்தை வரைந்து, உறுப்புகளுக்குப் பெயர் இட்டிருந்தாள். படம் திருத்தமாக இருந்தது. திறப்பு வாயிலுக்குப் பாடக்குறிப்பிற் கண்ட நீண்ட சொல்லை எழுதி, அதனை வெட்டி, மேலே 'துருசு' என்று எழுதியிருந்தாள். அப்பா அப்படித்தான் சொல்லுவார், இதற்குப் புள்ளி குறைப்பார்களா என்று கேட்டாள்.